இருநூத்தி முப்பது வாட்டு

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்கம்மா. எனக்கு வெளிய பாக்க ஒண்ணும் இல்ல. இன்னைக்குப் பதினோரு மணிக்குப் பாளையங்கோட்டையில என்னைய விசாரிக்க ஒரு கமிட்டி உக்காருது. தாளாளர், பிரின்சிபால், இன்னும் ரெண்டு பேரு. வரலன்னா வேலை இல்லன்னு மெமோவுல தெளிவா அடிச்சிருக்கு. நான் பாருங்க, மதுரை பஸ்சுல டிக்கெட் எடுத்துட்டு உங்க பக்கத்துல உக்காந்திருக்கேன்.

அப்படிப் பாக்காதிய, நான் ஒண்ணும் திருடல. பொம்பளப் பிள்ளைங்க ஹாஸ்டல்ல பத்தொம்பது வருஷமா வார்டன். ஒரு கரும்புள்ளி கெடையாது. செண்பகவல்லி வார்டன்னு சொல்லிப் பாருங்க, படிச்சு முடிச்சுக் கல்யாணம் பண்ணிப் பிள்ள பெத்தவகூட எந்திரிச்சு நிப்பா. ரூல்னா ரூல். யாருக்காகவும் வளைச்சதில்ல. இப்பமும் வளைக்கல. அதத்தான் அந்தக் கமிட்டி புரிஞ்சுக்க மாட்டேங்கு.

எங்க ஹாஸ்டல் வாசல்ல ஒரு போர்டு உண்டு. 'மாணவியர் அறைகளில் நூறு வாட்டுக்கு மேற்பட்ட மின்சாதனங்கள் கூடாது.' எழுதுனது நான்தான். ஒரு வருஷம் ஒருத்தி வெந்நி போடுத கெட்டில்ல முட்டை அவிச்சா. அதே நேரத்துல பக்கத்து ரூம்காரி தலைமுடிய நேராக்குத மெஷினப் போட்டா. ரெண்டாவது மாடி பூரா இருட்டு, மறுநாள் பரீட்ச. அன்னையிலருந்து வியாழக்கிழமை தவறாம ரூம் ரூமாப் போவேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு சாமானையும் திருப்பி, அடியில ஒட்டியிருக்கிற லேபிளப் படிப்பேன். எத்தன வோல்ட்டு, எத்தன ஆம்பியரு, எத்தன வாட்டு. எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்து. அந்தச் சாமான் எதுக்கு, என்ன செய்யும், அதெல்லாம் எனக்கு வேண்டாம். லேபிள் என்ன சொல்லுதோ அதுதான். நூறுக்கு மேல போச்சா, என் ரூம் அலமாரிக்கு வந்துரும். வருஷக் கடைசியில அப்பாவோ அம்மாவோ வந்து கையெழுத்துப் போட்டாத்தான் வெளிய போகும்.

இந்தத் தடவ பொங்கல் லீவு முடிஞ்சு பெனிட்டான்னு ஒரு பிள்ளை வந்தா. திசையன்விளைக்காரி, கடைசி வருஷம். மேசையில ஒரு லேப்டாப்பு. மடியில வைக்குத சாமானா அது, அம்மிக்கல்லுல பாதி இருக்கும். கேம் விளையாடுததுக்குன்னே செய்யுத லேப்டாப்பாம். அதுக்கு ஒரு சார்ஜர், கறுப்பா, செங்கல் கனம். திருப்பிப் படிச்சேன். பத்தொம்பதரை வோல்ட்டு, பதினொண்ணு புள்ளி எட்டு ஆம்பியரு, இருநூத்தி முப்பது வாட்டு. பேசாம எடுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டேன்.

மேம், அது கெட்டில் இல்ல, சார்ஜர்னா. நூறுன்னா நூறுதாம்ட்டின்னேன். இந்த லேப்டாப்புக்கு அது இல்லாம முடியாது மேம், இன்னும் ரெண்டு மாசத்துல போட்டி இருக்குன்னா. தெக்க உள்ள காலேஜ் பொம்பளப் பிள்ளைங்களுக்கான போட்டியாம், அஞ்சு பேரு ஒரு டீமாம், இவதான் கேப்டனாம். மத்த நாலு பேரும் வீட்டுல இருந்து வாரவளுக, அவளுகளுக்கு இந்தத் தொல்லை இல்ல. நடு விளையாட்டுல இவ லேப்டாப்பு அணைஞ்சா நாலு பேரு அஞ்சு பேரோட மோதணும். ரெண்டு தடவ அப்படி ஆச்சுன்னா டீமையே எடுத்துருவாங்களாம். இதுக்கு முன்னால எங்க காலேஜு ரெண்டாவது ரவுண்டத் தாண்டுனதே இல்லன்னு வேற சொல்லுதா. எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டேன். கேட்டுட்டு அலமாரியப் பூட்டுனேன்.

அழுவான்னு பாத்தேன். அழல. அவ ரூம்ல மிஸ்பான்னு ஒருத்தி, காயல்பட்டினம், கொஞ்சம் வாய் நீளம். அவகிட்ட ஒரு சின்ன சார்ஜர் இருந்துச்சு, அறுபத்தஞ்சு வாட்டு. அதச் சொருகுனாளுவ. அடுத்த வியாழக்கிழமை போய்ப் பாக்கேன், லேப்டாப்பு மூலையில ஒரு எழுத்து வந்து நிக்கி, மெதுவான சார்ஜர்னு. சும்மா மூடி வச்சிருந்தா ஏறுது. கேமத் திறந்தா, வயரு சொருகித்தான் இருக்கு, பேட்டரி எறங்குது. எனக்கு அது புதுசு. சார்ஜர் போட்டுக்கிட்டே சார்ஜ் எறங்குத சாமான நீங்க பாத்திருக்கியளா? மிஸ்பா வெளக்குனா. மேல சின்னக் குழாயில தண்ணி விழுது மேம், கீழ பெரிய குழாயத் தொறந்து விட்டிருக்கோம்னா. முக்கா மணி நேரத்துல அணைஞ்சு போச்சு.

அதுக்கடுத்த வாரம் மேசையில ஒரு தட்டப் பெட்டி. டாக்குன்னாளுவ. அதுக்கு ஒரு சார்ஜர், பெட்டியில இருந்து லேப்டாப்புக்கு ஒரு வயரு. ரெண்டு பேரும் மூச்ச அடக்கிக்கிட்டு நிக்காளுவ. நான் லேபிளப் படிச்சேன். நூறு. சரியா நூறு. என் போர்டு என்ன சொல்லுது, நூறுக்கு மேற்பட்ட. நூறு நூறுக்கு மேல இல்லையே. அவளுக வாயத் தொறக்கதுக்கு முன்னால நானே சொல்லிட்டேன், இது இருக்கலாம்னு. நியாயம்னா அது நம்ம பக்கத்துல இருந்து வரணும்.

ஆனா அந்தப் பெட்டி ஒரு திருட்டுச் சாமான். நூற வாங்கி, தனக்குப் பதினஞ்ச எடுத்துக்கிட்டு, எம்பத்தஞ்சத்தான் லேப்டாப்புக்கு விடுது. நடுவுல நின்னு தரகு பாக்குது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல.

அன்னையிலருந்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு நான் தெனமும் அந்த ரூமுக்குப் போக ஆரம்பிச்சேன். கண்காணிப்புக்குத்தான். பேட்டரி எழுவதுல ஆரம்பிச்சு ஒரு ஆட்டம் முடியும்போது எத்தனையில நிக்கின்னு பாப்பேன். நாப்பத்தொண்ணு. கீபோர்டுல வானவில் மாதிரி லைட்டு ஓடிக்கிட்டே இருந்துச்சு, அத அணைக்கச் சொன்னது நான். நாப்பத்தஞ்சுல நின்னுச்சு. திரை வெளிச்சத்தப் பாதியாக் கொறைக்கச் சொன்னதும் நான். அம்பது. கேமுக்குள்ள மரத்துல எல உதுருது, தண்ணியில நெழல் ஆடுது, இதெல்லாம் என்னத்துக்குட்டி, சுடப் போறியா சுத்திப் பாக்கப் போறியான்னு கேட்டேன். அதையும் கொறைச்சா. அம்பத்தெட்டு. இஞ்சினியரிங் படிக்குத பிள்ளைங்களுக்கு ஹாஸ்டல் வார்டன் சொல்லிக் குடுக்க வேண்டியிருக்கு.

ஒரே ஒரு யோசனைதான் பலிக்கல. அறுபத்தஞ்சும் நூறும் சேந்தா நூத்தி அறுபத்தஞ்சு, ரெண்டையும் ரெண்டு பக்கமும் சொருகுன்னு சொன்னேன். ரெண்டு குழாயத் தொறந்தா தொட்டி சீக்கிரம் நெறையணும்லா? அந்த லேப்டாப்பு ஒண்ணத்தான் எடுத்துச்சு, இன்னொண்ணத் திரும்பிக்கூடப் பாக்கல. மிஸ்பா சிரிச்சா. நான் அவள ஒரு பார்வை பாத்தேன், வாய மூடிக்கிட்டா.

அம்பத்தெட்டோட நின்னுபோச்சு. அதுக்கு மேல முடியல. படம் விட்டு விட்டு ஓடுது, இவ ஒரு எட்டு வைக்கதுக்குள்ள அவனுக ரெண்டு தடவ சுட்டுருதானுவ. அவ மூஞ்சி தொங்கிப்போச்சு. மொத ரவுண்டுக்கு நாலு நாளு இருக்கு. அன்னைக்குப் பாத்து மிஸ்பா, ஹாஸ்டல் வாசல்ல நின்னு போர்டப் படிச்சுக்கிட்டிருந்தா. சத்தமா. 'மாணவியர் அறைகளில்...' அப்புறம் திரும்பி, மேம், உங்க ரூம் மாணவியர் அறை இல்லேல்ல மேம்னா. பாவம், சும்மாதான் கேட்டா. யோசனை என்னோடது. அன்னைக்கு சாயங்காலமே பெனிட்டாவ லேப்டாப்பத் தூக்கிக்கிட்டு என் ரூமுக்கு வரச் சொல்லிட்டேன்.

இதுல ரூல வளைச்சது எங்க இருக்கு, சொல்லுங்க. சார்ஜர் அலமாரிய விட்டு ஒரு அடி வெளிய வரல. கதவ ஒரு இஞ்சு தொறந்து, வயர மட்டும் வெளிய எடுத்தோம். லேப்டாப்புதான் அலமாரிகிட்ட வந்துச்சு. கைப்பத்துன பொருளு கைப்பத்துன எடத்துலயேதான் இருந்துச்சு.

மொத ரவுண்டு ஜெயிச்சாளுவ. ரெண்டாவது ஜெயிச்சாளுவ. நான் அலமாரிக்குக் காவலா நாக்காலியப் போட்டு அவ பின்னால உக்காந்திருப்பேன், அவ்வளவுதான். என் ரூம் கரண்ட் அடுப்புல சுக்காப்பி போட்டுக் குடுப்பேன். அந்தக் கேம் எனக்குத் தெரியவே தெரியாது. கெழக்க உள்ள மஞ்சக் கட்டடத்துல மாடிப்படிக்கு அடியில எப்பமும் ஒருத்தன் ஒளிஞ்சு நிப்பான், குண்டு தீந்தா திரும்ப நெறைக்க எட்டுச் செகண்டு ஆகும், அந்த எட்டுச் செகண்டுல ஏறிரணும், அந்த அளவுக்குத்தான் தெரியும். மத்த நாலு பிள்ளைங்களும் காதுல மாட்டுத மைக்குல என் சத்தத்தக் கேட்டுட்டு, மேம் சொல்லட்டும் மேம் சொல்லட்டும்னு நிப்பாளுவ. மரியாத தெரிஞ்ச பிள்ளைங்க.

இப்ப வாரேன் வம்புக்கு. செமி ஃபைனல் ஒரு சனிக்கிழமை, மத்தியானம் ரெண்டு மணிக்கு. அன்னைக்குக் காலையில பிள்ளைங்க எல்லாம் ஸ்பெஷல் கிளாசுக்குப் போயிட்டாளுவ. லேப்டாப்பு என் ரூம்ல இருந்துச்சு. முக்கியமான நாளாச்சே, சாமான் சரியா இருக்கான்னு பாப்போம்னு நான் லேசா ஓட்டிப் பாத்தேன். சோதனைக்குத்தான். ஒன்பது மணிக்குக் கரண்டு போச்சு. வந்துரும்னு நானும் சோதனைய நிறுத்தல. கொஞ்ச நேரத்துல பாத்தா, மஞ்சக் கட்டடத்து மேல நான் ஏறியாச்சு, பேட்டரி முப்பத்தொண்ணுல நிக்கி. அன்னைக்கு மாசாந்திரப் பராமரிப்பு மின்தடையாம், ஒன்பதுல இருந்து அஞ்சு வரைக்கும். பேப்பர்ல போட்டிருந்தானாம். அவ்வளவு பொடி எழுத்துல போட்டா யாரு படிப்பா?

ரெண்டு மணிக்குப் பதினஞ்சு நிமிஷம் இருக்கையில பிள்ளைங்க திரும்பிட்டாளுவ. பெனிட்டா முப்பத்தொண்ணப் பாத்துட்டு என்னையப் பாத்தா. காலையில நூறு இருந்துச்சே மேம்னா. பேட்டரி பழசாயிட்டுன்னு சொல்லிட்டேன். பத்தொம்பது வருஷத்துல எனக்கு அப்படி ஒரு பயம் வந்ததில்ல.

ஹாஸ்டல் லைட்டும் ஃபேனும் இன்வெர்ட்டர்ல ஓடும், பிளக்குன்னா ஆபீஸ் ரூம்ல ஒண்ணுக்கு மட்டும்தான் அந்த லைன் உண்டு. லேப்டாப்பத் தூக்கிக்கிட்டு அங்க ஓடுனோம். அலமாரியில இருந்து பெரிய சார்ஜரயும் எடுத்தேன், ஆபீசும் மாணவியர் அறை இல்லையே. சொருகுனதும் அந்தப் பழைய இன்வெர்ட்டர் கீன்னு கத்திட்டு நின்னுபோச்சு. அப்பத்தான் மிஸ்பா அவ அறுபத்தஞ்சத் தூக்கிக்கிட்டு வந்தா. இன்வெர்ட்டரத் தட்டி எழுப்பி அதச் சொருகுனோம். கத்தல. மெதுவான சார்ஜர்னு எழுத்து வந்துச்சு, அந்த எழுத்த அன்னைக்குத்தான் கும்புடத் தோணுச்சு. ஆனா இன்வெர்ட்டரே பாதி உசுருலதான் கெடந்துச்சு. ஹாஸ்டல் பூரா லைட்டு, ஃபேன் எல்லாத்தையும் அணைக்கச் சொன்னேன். பங்குனி வெயிலு, பாளையங்கோட்ட, அறுவது பிள்ளைங்க. எல்லாரும் தானா முன்வந்து அணைச்சாளுவ. நான் ஒவ்வொரு ரூம் வாசல்லயும் நின்னு பாத்தேன்.

பொறவு அத்தன பேரும் ஆபீஸ் ரூமுக்குள்ள வந்துட்டாளுவ. நோட்டால விசிறிக்கிட்டு ஒருத்தி மேல ஒருத்தி. இருவத்தாறு. இருவத்தொண்ணு. நான் பேட்டரி நம்பரையும் பாக்கேன், மாடிப்படியையும் பாக்கேன். பதினாலு. நெட்டு மிஸ்பா போன்ல இருந்து. ஒம்பது. அந்தப் பக்கம் ரெண்டு பேரு மிச்சம், நம்ம பக்கம் பெனிட்டா ஒருத்தி. நான் நாக்காலி மேல ஏறி நின்னு, பின்னால ஒருத்தன் வாரான், திரும்பிச் சுடுட்டின்னு கத்துனேன்.

என் பின்னால, வாசல்ல, தாளாளர் தவமணிராஜ் நிக்காரு. திடீர் ஆய்வுக்கு வந்திருக்காரு. அவர ஒருத்தரும் கவனிக்கல.

"மேடம், என்ன நடக்குது இங்க?"

நான் திரும்பல. கையத் தூக்கி, நாலு நிமிஷம் பொறுங்கன்னேன். அந்தக் குரல் யாருதுன்னு எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சுதான் சொன்னேன். மனுஷன் பொறுத்துக்கிட்டாரு, அவருக்கும் ஆர்வம் இருந்திருக்கும்.

நாலு சதமானத்துல ஜெயிச்சோம். நாலு சதமானம்மா. அறுவது பிள்ளைங்களும் குதிச்சாளுவ. நான் குதிக்கல, கால் மரத்துப் போயிருந்துச்சு, லேசா உதறுனேன். எனக்குச் சந்தோஷம் தாங்க முடியாம அழுக வந்துட்டு. முந்தானையால மூஞ்சத் தொடைச்சுட்டுத் திரும்புனா தாளாளரும் வேர்வையத் தொடைக்காரு. இது என்னன்னு திரும்பவும் கேட்டாரு. மின்சாரச் சிக்கனப் பயிற்சின்னேன்.

நாலு குத்தம் போட்டு மெமோ வந்துச்சு. நானே வச்ச ரூல நானே மீறி இருநூத்தி முப்பது வாட்டு சார்ஜரப் போட விட்டேனாம். வெயில்ல ஃபேன அணைச்சுப் பிள்ளைங்கள வதைச்சேனாம். நிர்வாகியப் பாத்துச் சுடச் சொன்னேனாம். நாலாவதுதான் வேடிக்க. வார்டன் ரூம்ல ரெண்டாயிரம் வாட்டு கரண்ட் அடுப்பு இருக்காம். அடுப்ப யாராவது வாட்டுல பாப்பாங்களா? அது காப்பி போடுத சாமான்.

ஃபைனல் இன்னைக்கு மதுரையில, ரெண்டு மணிக்கு, எல்லாரும் ஒரே மேடையில உக்காந்து. பிள்ளைங்க நேத்தே போயி மிஸ்பாவோட சின்னம்மா வீட்டுல தங்கியிருக்காளுவ. சார்ஜரத் தந்துவிடுங்க மேம்னு கேட்டா பெனிட்டா. எப்படித் தருவேன்? அப்பா அம்மா கையெழுத்து இல்லாம ஒரு பிள்ள கையில குடுக்கக் கூடாது. அதனால நான் கொண்டுட்டுப் போறேன். நான் சொருகுவேன், ஆட்டம் முடிஞ்சதும் நான் எடுத்துருவேன். கமிட்டிக்குப் போனா இங்க வர முடியாது. இங்க வந்தா கமிட்டிக்குப் போக முடியாது. யோசிச்சுப் பாத்தேன், பொருளுக்குப் பொறுப்பு நான். கமிட்டிக்குப் பொறுப்பு அவங்க.

கோவில்பட்டியா வந்துட்டு? பத்து நிமிஷம் நிக்கும். நீங்க எறங்கிட்டு வாரதுன்னா வாங்க. இருங்க, போன் அடிக்கி. அவதான்.

...

என்ன சொல்லுதா தெரியுமா? அங்க எல்லாருக்கும் போட்டி நடத்துதவங்களே பெரிய சார்ஜர் தாராங்களாம். நீங்க வர வேண்டாம் மேம், கோவில்பட்டியில எறங்கித் திரும்பிருங்க, பதினோரு மணிக்குள்ள போயிரலாம், வேலை போயிரும் மேம்ங்கா. மெமோ விஷயத்த அவகிட்ட எவளோ சொல்லியிருக்கா. நெசந்தான், இப்ப எறங்குனா போயிரலாம். அந்தா நிக்கி பாருங்க, திருநவேலி வண்டி. ஒரு நிமிஷம் எனக்கும் கால் எழும்புச்சு.

அவகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "அவங்க தார சார்ஜர் எத்தன வாட்டுட்டி?"

பாக்கல மேம்னா.

ரெண்டு மாசம் என் முன்னால உக்காந்து விளையாடுனவ, ஒரு சார்ஜரக் கையில வாங்கிட்டு லேபிளப் பாக்காம இருப்பாளா? பொய்யி. அப்படி ஒரு சார்ஜர் அங்க இல்ல. அந்த அறுபத்தஞ்ச வச்சுக்கிட்டு மேடையேறித் தோத்தாலும் பரவாயில்லன்னு நிக்கா கழுத. லேப்டாப்ப மூடி அந்தச் சின்னதுலயே போட்டு வை, ஒரு ஆட்டமும் ஆடக்கூடாது, பன்னெண்டரைக்கெல்லாம் வந்துருவேன்னு சொல்லி வச்சுட்டேன்.

உக்காருங்கம்மா, வண்டி கெளம்பிட்டு. கண்ணுல தூசி விழுந்துட்டு, வேற ஒண்ணும் இல்ல. இல்ல, தூசி இல்ல. பத்தொம்பது வருஷத்துல எங்கிட்டப் பொய் சொல்லாத பிள்ள ஒருத்தி கெடையாது. பாட்டி செத்துட்டான்னு, காய்ச்சல்னு, அண்ணன் வந்திருக்கான்னு, எல்லாம் என்கிட்ட இருந்து தப்பிக்கதுக்கு. எனக்காக ஒருத்தி சொன்ன மொதப் பொய்யி இதுதான்.

இருந்தாலும் பொய்யி பொய்யிதான. ரூல் படி ஒரு வாரம் அவள வெளிய விடக்கூடாது. ஜெயிச்சு முடிக்கட்டும், பொறவு சொல்லிக்கிடுதேன்.